கொடி நாள் உண்டியலும் என் அண்ணனும்



கொஞ்சம் நீளமான பதிவு. "டீச்சர் ஆரம்பிச்சுட்டாங்க" என்று சிலர் சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. பரவாயில்லை, சிரித்துவிட்டுப் படியுங்கள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் இரண்டு தடவையாகப் படியுங்கள்.

நாளை டிசம்பர் 7, கொடி நாள். 1949-லிருந்து நம் நாட்டில் கடைப்பிடிக்கிறார்கள். என்னிடம் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தகர உண்டியலோடு வகுப்புக்கு வருவேன். குண்டூசியில் குத்திய சின்னக் காகிதக் கொடியைச் சட்டையில் மாட்டிவிடுவேன். "டீச்சர், எங்க அப்பாவே மிலிட்டரிதான், நான் ஏன் காசு போடணும்?" என்று ஒருவன் கேட்டான். நம் வேலூர்ப் பக்கம் அப்படித்தான். ஒரு தெருவுக்கு நாலு வீட்டிலாவது பட்டாளத்துப் பெட்டி இருக்கும். அவனுக்கு நான் சொன்ன பதில் இது: "உங்க அப்பா திரும்பி வந்துட்டார்டா. வந்தவரையும் பார்த்துக்கணும் இல்லையா, அதுக்குத்தான் இந்தக் காசு."

பெரிய பதிலாகச் சொல்லிவிட்டேன். ஆனால் திரும்பி வந்த ஒருவரை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். நாலரை வருஷமாக மனசுக்குள் வைத்திருந்த விஷயம்.

என் அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். சுதந்திர தினத்துக்கு நம் பள்ளியில் கொடிக் கயிறு சிக்கிக்கொண்டால் ஓடிவந்து எடுத்துவிடுவாரே, அவர்தான். 1972-இல் பத்தொன்பது வயதில் சேர்ந்தார். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சி. இருபத்து நாலு வருஷ சர்வீஸ். 1996-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தபோது நாற்பத்து மூன்று வயது. அதன்பிறகு ஒரு கம்பெனியில் பதினைந்து வருஷம் செக்யூரிட்டி. ராத்திரி டியூட்டி, வேளைகெட்ட சாப்பாடு. சர்க்கரை வந்தது அங்கேதான்.

2021 மார்ச் 1-ஆம் தேதி அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். மார்ச் நடுவில் அண்ணன் போன் செய்தார்.

"பாப்பா, ஊசி போட்டுக்கலாமா? சங்கத்துல எல்லாரும் போய் வந்துட்டாங்க."

என் வீட்டில் நான்தான் படித்தவள். பிளஸ் டூ முடித்து, ஆசிரியர் பயிற்சி பட்டயம் வாங்கி, முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவள். மருந்துச் சீட்டு, பத்திரம், பேங்க் பாரம் எல்லாமே "பாப்பாகிட்ட கேளு" என்று என்னிடம்தான் வரும். பட்டாளத்தில் இருபத்து நாலு வருஷம் உத்தரவு கேட்டவர், ஊருக்கு வந்தபிறகு தங்கச்சியின் உத்தரவைக் கேட்டார்.

"அண்ணா, அடுத்த மாசம் கல்யாணம் இருக்கு. ஊசி போட்டு ஜுரம் வந்து படுத்துட்டா யார் ஓடியாடுறது? முடிச்சுட்டுப் போட்டுக்கலாம்" என்றேன். அண்ணி பக்கத்துக் கல்யாணம், சித்திரை இரண்டாம் வாரம்.

அதற்குள் ஏப்ரல் 17 வந்தது. நடிகர் விவேக் இறந்துபோனார். இரண்டு நாள் முன்புதான் அவர் தடுப்பூசி போட்டுக்கொண்டதை டி.வி.யில் பார்த்திருந்தோம். அன்றைக்கு நம் வாட்ஸ்அப் குழுக்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்குத் தெரியும். அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பின்னால் மத்திய அரசின் குழு ஆராய்ந்து சொன்னது. ஆனால் அது அக்டோபரில். ஏப்ரல் 17 சாயங்காலம் நான் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னது இதுதான்:

"அண்ணா, கொஞ்சம் பொறு. அவசரப்படாதே."

"சரி பாப்பா" என்றார். அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் போனோம். ஏப்ரல் 29 வியாழக்கிழமை அண்ணனுக்கு ஜுரம். யாரிடமும் சொல்லவில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, மாடி அறையில் தனியாகப் படுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தேர்தல் முடிவு வந்த நாள். ஊரே டி.வி.யில் உட்கார்ந்திருந்தது. கேட்டபோது "லேசா ஜலதோஷம்" என்றார்.

திங்கட்கிழமை நான் போன் செய்தேன். "நல்லாத்தான்..." என்று நிறுத்தி, ஒரு மூச்சு வாங்கி, "...இருக்கேன் பாப்பா" என்றார். வாசிப்புப் பயிற்சியில் பிள்ளைகள் எங்கே மூச்சு விடுகிறார்கள் என்று முப்பத்தைந்து வருஷம் கேட்ட காது இது. வாக்கியத்தின் நடுவில் மூச்சு உடைந்தது எனக்குப் புரிந்தது. தலைமையாசிரியராக இருந்தவர் வீட்டில் ஆக்சிமீட்டர் இருந்தது, வாங்கிக்கொண்டு ஓடினேன். விரலில் மாட்டினால் 84.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். "லேயில நான் இதைவிடக் கம்மியா மூச்சு விட்டிருக்கேன். மிஷினைத் தூக்கிப் போடு" என்றார். பதினோராயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஊர் லே. அங்கே இரண்டு குளிர்காலம் இருந்தவர். அவர் பொய் சொல்லவில்லை, அந்த உயரத்தில் காற்றழுத்தமே குறைவு, புதிதாகப் போகிறவர்களுக்கு ஆக்சிஜன் அளவு இறங்கத்தான் செய்யும். ஆனால் அங்கே காற்றுதான் மெலிந்தது, நுரையீரல் நன்றாக இருந்தது. உடம்பு நாளாக நாளாகப் பழகிக்கொண்டது. இங்கே காற்று சரியாக இருந்தது, நுரையீரல் தோற்றுக்கொண்டிருந்தது. அந்த வித்தியாசம் அன்றைக்கு அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இந்த நோயில் இன்னொரு கெட்ட தந்திரம் உண்டு. நமக்கு மூச்சு முட்டுகிற உணர்வைப் பெரும்பாலும் கொடுப்பது உடம்பில் சேரும் கரியமிலவாயு. ஆக்சிஜன் குறைவது அவ்வளவு சீக்கிரம் உறைக்காது. கோவிடில் பலருக்கு ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கும், கரியமிலவாயு மட்டும் வெளியே போய்க்கொண்டிருக்கும். அதனால் ஆள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். என் அண்ணன் சிரித்தது அந்தச் சிரிப்பு.

108-க்குப் போன் செய்தோம். படுக்கை கிடைக்க ராத்திரி ஆகிவிட்டது. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அன்றைக்கு எல்லா ஆஸ்பத்திரி வாசலிலும் ஆம்புலன்ஸ் வரிசை நின்றது. ஆக்சிஜன் கொடுத்தார்கள், ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அதில் சர்க்கரை நானூறைத் தாண்டியது, அதற்கு இன்சுலின். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. ரெம்டெசிவிர் எழுதிக்கொடுத்தார்கள். அண்ணன் மகன் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் வரிசையில் இரண்டு நாள் நின்றான். வெறுங்கையோடு வந்தான்.

மே 12 விடியற்காலை அண்ணன் போய்விட்டார். முழு ஊரடங்கு தொடங்கி மூன்றாவது நாள். முன்னாள் படைவீரர் சங்கத்தில் ஒருவர் இறந்தால் எல்லாரும் மெடல் குத்திக்கொண்டு வந்து, மாலை வைத்து, வரிசையாக நின்று சல்யூட் அடிப்பார்கள். அண்ணனே எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறார். அவருக்கு அடிக்க யாரும் வர முடியவில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி நேரே மயானத்துக்குப் போனது. மகனும் மூன்று பேரும் மட்டும். சங்கத்துச் செயலாளர் தன் வீட்டு மாடியில் நின்று, மயானம் இருக்கும் திசை பார்த்து சல்யூட் அடித்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்று காரணத்தைப் பிடித்துக்கொண்டோம்.

அண்ணி சொன்னது சிகரெட். பட்டாளத்தில் பிடித்த பழக்கம், ஓய்வு பெற்று வந்து பத்து வருஷம் கழித்துத்தான் விட்டார். "அப்பவே நான் பிடுங்கிப் போட்டிருந்தா நெஞ்சு நல்லா இருந்திருக்கும்" என்று அழுவார். மகன் சொன்னது ரெம்டெசிவிர். "அத்தை, இன்னும் ஒரு நாள் நின்னிருந்தா கிடைச்சிருக்கும்" என்பான். நான் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் நான் துக்கத்தில் பேசவில்லை என்று நினைத்தார்கள். உண்மையில் "கொஞ்சம் பொறு" என்ற இரண்டு வார்த்தை தொண்டையில் நின்றது.

என் மாணவி ஒருத்தி நர்ஸாக இருக்கிறாள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இரண்டாம் வகுப்பில் 'ழ' வராமல் அழுத பிள்ளை. போன வருஷம் வீட்டுக்கு வந்தபோது அவளிடம் மட்டும் சொன்னேன். "நான் சொன்னதாலதான் எங்க அண்ணன் போயிட்டாரா? நீ படிச்சவ, சொல்லு" என்று கேட்டேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. "டீச்சர், ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை அனுப்புறேன். முன்னாள் ராணுவத்தினரைப் பத்தினது. நீங்களே படிங்க. நீங்கதானே சொல்வீங்க, விடையைக் கேட்காதே, கணக்கைப் போட்டுப் பாருன்னு" என்றாள். கற்றுக்கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். புரியாத இடத்தில் அவளைக் கேட்டேன். எனக்குப் புரிந்ததைப் பாடம் நடத்துகிற மாதிரி சொல்கிறேன்.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கென்றே அரசாங்கம் நாடு முழுக்க மருத்துவமனைகள் நடத்துகிறது. எல்லா ஊர் நோயாளியின் விவரமும் ஒரே கணினி ஏட்டில் இருக்கும். அதனால் கணக்கெடுக்க வசதி. 2020 பிப்ரவரி 28 முதல் மே 14 வரை அங்கே 88,747 பேருக்குப் பரிசோதனை செய்தார்கள். 10,131 பேருக்குக் கொரோனா. சராசரி வயது அறுபத்து மூன்றுக்கு மேல், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆண்கள். கிட்டத்தட்ட என் அண்ணன் மாதிரி ஆட்கள். முப்பது நாளுக்குள் என்ன ஆனது என்று பார்த்தார்கள். தொற்று இருந்தவர்களில் நூற்றுக்கு 10.8 பேர் இறந்தார்கள். தொற்று இல்லாதவர்களில் 2.4 பேர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த ஆரம்ப மாதங்களில் நோய் முற்றியவர்களுக்குத்தான் பெரும்பாலும் பரிசோதனை கிடைத்தது. அதனால் "கொரோனா வந்தால் பத்தில் ஒருவர் சாவார்" என்று இதைப் படிக்கக் கூடாது. மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும்போது யார் யார் தேர்வு எழுதினார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

அந்தப் பத்தாயிரம் பேரில் யார் இறந்தார்கள், ஏன்? இதுதான் கேள்வி. ஒரு காரணத்தை எடுக்கும்போது மற்றக் காரணங்கள் குழப்பாமல் இருக்க, அவற்றைச் சமப்படுத்திவிட்டுக் கணக்குப் போட்டார்கள்.

முதல் காரணம் வயது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவரின் ஆபத்தை 1 என்று வைத்தால், எண்பது தாண்டியவருக்கு அது சுமார் 60. இதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இல்லை, அறுபது.

இரண்டாவது, ஏற்கெனவே உடம்பில் இருக்கிற நோய்களின் மொத்தச் சுமை. சர்க்கரை, இதயம், சிறுநீரகம், கல்லீரல், புற்றுநோய் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். நம் தேர்வில் மதிப்பெண் கூடினால் நல்லது, அங்கே கூடினால் கெட்டது.

மூன்றாவது, வரும்போதே ஜுரமும் மூச்சுத் திணறலும் இருப்பது. நான்காவது, ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் சொல்லும் கிரியாட்டினின், கல்லீரல் சொல்லும் ஒரு நொதி, வெள்ளையணுக்களில் நியூட்ரோபிலுக்கும் லிம்போசைட்டுக்கும் உள்ள விகிதம். இவை ஏறியிருந்தவர்கள் அதிகம் இறந்தார்கள். ஐந்தாவது, இருக்கிற இடம். நோய் கடுமையாகப் பரவியிருந்த பகுதியில் இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஒரே உடம்பு, ஒரே வயது, ஆனால் ஊர் வேறு, முடிவும் வேறு.

எனக்கு ஆச்சரியம் கொடுத்தது அடுத்த பகுதி. அதற்கு முந்தைய சின்ன ஆய்வுகள் சொன்ன பல காரணங்கள் இந்தப் பெரிய கணக்கில் மரணத்தோடு சேரவில்லை. உடல் பருமன் சேரவில்லை. ரத்தக்கொதிப்பு தனியாகச் சேரவில்லை. கறுப்பினத்தவர் என்பதும் மரணத்தோடு சேரவில்லை. வென்டிலேட்டர் வரை போவதில் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் இனத்துக்கும் தொடர்பு தெரிந்தது, மரணத்தில் இல்லை. புகைப்பழக்கமும் சேரவில்லை.

அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டேன். அண்ணிக்காக. (பையன்களே, இதை வைத்துக்கொண்டு பெட்டிக்கடைக்குப் போகாதீர்கள். சிகரெட் கொல்லும் வழிகள் வேறு ஆயிரம் இருக்கின்றன.)

இடம் என்று சொன்னேனே, அதற்கு ஒரு கொடுமையான உதாரணமும் படித்தேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்ற ஊரில் முன்னாள் படைவீரர் இல்லம் ஒன்று இருக்கிறது. 2020 மார்ச் 27 அன்று, கவனிக்க ஆள் போதவில்லை என்று, மறதி நோயுள்ள முதியவர்கள் இருந்த இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். தொற்று இருந்தவரும் இல்லாதவரும் நெருக்கமாகப் படுக்க வைக்கப்பட்டார்கள். அந்த வசந்தத்தில் அங்கே 76 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். போர்முனையிலிருந்து பிழைத்து வந்தவர்கள், கட்டில்களை நகர்த்தியதில் போனார்கள். ஆபத்து என்பது உடம்புக்குள் மட்டும் இல்லை. எங்கே படுக்க வைக்கிறோம், எவ்வளவு நேரம் காக்க வைக்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

சரி, ரெம்டெசிவிர். 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் ஆஸ்பத்திரியில் இருக்கும் கோவிட் நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை. உயிரைக் காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. பின்னால் கூடுதல் ஆதாரம் வந்து, குறிப்பிட்ட சிலருக்குக் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். ஆனால் 2021 மே மாதம் அந்த வரிசையில் நின்றவர்கள் நம்பியது போல அது உயிரைப் பிடித்து நிறுத்தும் மருந்து இல்லை. அண்ணனுக்குப் போட்ட விலை குறைந்த ஸ்டீராய்டுதான், ஆக்சிஜன் தேவைப்படுகிற நோயாளிகளின் மரணத்தைக் குறைக்கிறது என்று 2020 ஜூனிலேயே பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியிருந்தது. அது அவருக்குக் கிடைத்தது. அண்ணன் மகனுக்காக இதையும் நோட்டில் எழுதிவைத்தேன்.

கடைசியாக என் கணக்கு. முதல் கட்டுரையில் தடுப்பூசியே இல்லை, அப்போது ஊசி வரவில்லை. அந்தப் பிள்ளை இரண்டாவது ஒன்று அனுப்பினாள். அதே மருத்துவமனைகள், 7,80,225 முன்னாள் படைவீரர்கள், 2021 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதில், தொற்று வராமல் காக்கும் சக்தி அந்த வருஷம் பிப்ரவரியில் 87.9 சதவீதமாக இருந்தது, அக்டோபருக்குள் 48.1 சதவீதமாக இறங்கிவிட்டது. ஆனால் தொற்று வந்தவர்களிலும் ஊசி போட்டவர்களுக்கு மரண ஆபத்து மிகக் குறைவாக இருந்தது. அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு மரணத்திலிருந்து பாதுகாப்பு 71.6 சதவீதம்.

அவர்கள் போட்டது வேறு கம்பெனி ஊசிகள், நம் ஊரில் அண்ணனுக்குக் கிடைத்திருக்கக்கூடியது வேறு. மார்ச் நடுவில் போட்டிருந்தாலும் ஒரு ஊசிதான் நிச்சயமாக முடிந்திருக்கும். இரண்டாவதற்கான இடைவெளியை அந்த மாதமே கூட்டிவிட்டார்கள். அதனால் 71.6 என்ற எண்ணை அப்படியே எடுத்து அண்ணன் மேல் வைக்க முடியாது. பத்தாயிரம் பேரைப் பற்றிச் சொல்லும் எண், ஒரு ஆளைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்லாது. அறுபத்தெட்டு வயது, இருபது வருஷச் சர்க்கரை, ஏறிய கிரியாட்டினின், ஐந்து நாள் மறைத்த ஜுரம், நிரம்பிய படுக்கைகள். எல்லாம் சேர்ந்துதான் அவரைக் கொண்டுபோனது.

ஆனாலும் இந்தப் பட்டியலை நானும் உங்களைப் போல உற்றுப் பார்த்தேன். வயதை யாராலும் மாற்ற முடியாது. சர்க்கரையை ஒரு வாரத்தில் மாற்ற முடியாது. படுக்கை எங்கள் கையில் இல்லை. மாற்றியிருக்கக்கூடியவை இரண்டுதான். ஒன்று, ஜுரத்தை மறைத்த ஐந்து நாள். அது அண்ணன் கையில் இருந்தது. இன்னொன்று ஊசி. அது என் கையில் இருந்தது. அண்ணி, மகன் இருவரின் காரணங்களையும் அந்தக் கட்டுரைகள் தள்ளுபடி செய்தன. என்னுடையதைத் தள்ளுபடி செய்யவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். இந்தப் பதிவை எழுதுவதற்கு முன்னால் அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று. நோட்டை விரித்து வைத்து, முதலில் சிகரெட்டைச் சொன்னேன், பிறகு ஊசி மருந்தைச் சொன்னேன். மகன் ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "அண்ணி, ஒண்ணு சொல்லணும். மார்ச்ல அண்ணன் ஊசி போட்டுக்கவான்னு என்னைக் கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். ரெண்டு தடவை" என்றேன்.

அண்ணி முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"தெரியும்" என்றார். "அன்னிக்கே சொன்னாரு. பாப்பா பொறுக்கச் சொல்லுதுன்னு. நான், அதான் சரின்னேன். எங்க பக்கத்துக் கல்யாணமாச்சே, நான்தானே அவரு படுத்துடக் கூடாதுன்னு நெனச்சேன்."

நாலரை வருஷம். அவருக்குத் தெரியும். அவரும் அதையே சுமந்துகொண்டிருந்தார். என்மேல் பழி வந்துவிடக் கூடாதென்றுதான் சிகரெட்டைச் சொல்லி அழுதாரோ என்று ஒரு எண்ணம் வந்தது. கேட்கவில்லை. "காபி ஆறிடும், குடி" என்றார். குடித்தேன். அண்ணன் படத்துக்குக் கீழே அவருடைய மெடல்கள் இருக்கின்றன, மகன் அவற்றை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மனசு லேசாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ஆகவில்லை. ஆனால் மூன்று பேரும் தனித்தனியாகச் சுமந்ததை இப்போது ஒரே இடத்தில் இறக்கி வைத்திருக்கிறோம்.

டீச்சர் பதிவு என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் முடியாது. எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று. நாளை உண்டியல் வந்தால் காசு போடுங்கள். அது முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் போகிறது.

இரண்டு. உங்கள் வீட்டில், தெருவில் ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர் இருந்தால் போன் செய்யுங்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்காதீர்கள், "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். வலியைச் சொல்லாமல் இருக்கப் பழக்கப்பட்டவர்கள். "சர்க்கரை எவ்வளவு? கிரியாட்டினின் எவ்வளவு? கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்று கேளுங்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அட்டை பெட்டியில் தூங்கினால் எடுத்துக் கையில் கொடுத்துக் கூட்டிப்போங்கள்.

மூன்று. வயதானவர்களுக்கு ஜுரம் என்றால் ஐந்து நாள் காத்திருக்காதீர்கள். ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே வந்தால், ஆள் சிரித்துப் பேசினாலும் டாக்டரிடம் போங்கள். லே, சியாச்சின் கதை சொன்னால் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டுக் கேளுங்கள்.

நான்கு. இது என்னைப் போன்றவர்களுக்கு. வீட்டில் நாலு எழுத்துப் படித்தவர் என்று உங்களிடம் யாராவது உடம்பைப் பற்றி யோசனை கேட்டால், தெரியாவிட்டால் "எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேட்போம், நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். வகுப்பில் அதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாத கேள்விக்கும் ஏதோ ஒரு பதில் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். சொல்லியிருக்க வேண்டும்.

என் பழைய தகர உண்டியல் இன்னும் வீட்டில் இருக்கிறது. நாளைக் காலையில் அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அப்புறம் தெருவுக்கு எடுத்துப் போகப் போகிறேன். இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் சில்லறையோடு தயாராக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்